முதல் கரண்டி

கள்ளிக்குப்பம் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு மணிக்கு மேல் எந்த வாத்தியார் என்ன சொன்னாலும் எந்தப் பிள்ளையின் காதிலும் ஏறாது. கீற்றுக் கொட்டகையிலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை வந்துவிட்டால் அதுதான் பாடம். அந்தப் பாடத்தை நடத்தியவள் சோறாக்கும் வேம்புலியம்மாள். பிள்ளைகளுக்கு ஆயா. தலைமையாசிரியர் உலகநாதனுக்குப் பயப்படாத பிள்ளைகள்கூட ஆயாவின் கரண்டிக்குப் பயப்படுவார்கள். அடிக்கமாட்டாள். ஆனால் வரிசையில் முண்டியடித்தவனுக்குக் கரண்டி குண்டானில் கொஞ்சம் மேலோட்டமாக இறங்கும். அதைவிடப் பெரிய தண்டனை அந்த வயதில் வேறென்ன இருக்கிறது?

அடுப்புக்கு ஓரமாக, வேப்பமரத்தடியில், மஞ்சள் பூசிய கல் ஒன்றை நட்டு வைத்திருந்தாள். அதுதான் ஆத்தா. சர்க்கார் அரிசியோ அமெரிக்காக்காரன் அனுப்பிய கோதுமை ரவையோ, எது வெந்தாலும் முதல் கரண்டி ஒரு பூவரச இலையில் ஆத்தாவின் முன்னால் போகும். கர்ப்பூரம் காட்டுவாள், சின்ன மணியை ஆட்டுவாள், கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பிறகு இலையில் இருந்த சோற்றை எடுத்து மறுபடியும் குண்டானில் போட்டுக் கிளறுவாள். அப்படிக் கிளறிவிட்டால் குண்டான் முழுவதும் ஆத்தாவின் பிரசாதம். அப்புறம்தான் பிள்ளைகளுக்கு.

இதை வெறும் பக்தி என்று நினைத்தால் வேம்புலியைத் தெரியாது என்று அர்த்தம். அவளுக்கு அது பயம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக் கொண்டுபோகக் கூழ் காய்ச்சி இறக்கியிருந்தாள். பசி தாங்காமல் அழுத இரண்டு பையன்களுக்கும் படைப்பதற்கு முன்னாலேயே ஆளுக்கு அரைக் கிண்ணம் ஊற்றிக் கொடுத்தாள். அடுத்த பங்குனியில் ஒரே வாரத்தில் இரண்டு பையன்களையும் அம்மை கொண்டுபோயிற்று. வனஜா அப்போது வயிற்றில். அந்த வருஷமே வேலை தேடிப் போன புருஷனும் திரும்பவில்லை. ஊசி போட வந்த நர்சம்மா, "கூழுக்கும் அம்மைக்கும் சம்பந்தமே கிடையாது, குழந்தைகளுக்கு அம்மை குத்தியிருக்கணும்" என்று எடுத்துச் சொன்னாள். வேம்புலி தலையாட்டினாள். தலையாட்ட என்ன காசா, பணமா? மனசு ஆடவேண்டுமே, அது ஆடவில்லை. முன்னால் கொடுத்தேன், போய்விட்டார்கள். அவளுடைய கணக்கு அவ்வளவுதான்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டும் சுலைமான் அந்த ஜூன் மாதம் தன் மூத்த பெண் கைருன்னிசாவை நாலாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தான். ஆவடியில் டாங்கி ஃபாக்டரி வந்த பிறகு சவாரி பெருகும் என்று நம்பி வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்தவன். ஃபாக்டரிக்காரர்களோ சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டில் கைருனுக்குக் கீழே மூன்று குழந்தைகள். குதிரைக்கு வேறு கொள்ளு வைக்கவேண்டும்.

சேர்ந்த முதல் வாரம் கைருன் சாப்பாட்டு வரிசைக்கே வரவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் உட்காரும் வனஜாதான் அம்மாவிடம் வந்து சொன்னாள்.

"அவளுக்குப் பசிக்குதும்மா. ஆனா துன்னமாட்டேங்குறா. படைச்ச சோறு அவங்களுக்கு ஆவாதாம்."

"ஆவாதுன்னா ஊட்லயே துன்னுட்டு வரட்டும்" என்றாள் வேம்புலி. சொன்ன பிறகு அவளுக்கே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டது.

சனிக்கிழமை சுலைமானே வந்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, உலகநாதன் முன்னால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். கைருன் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க போடுற சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்ல. சாம்பாரோ மோரோ, எது குட்த்தாலும் எம்பொண்ணு துன்னும். சாமி முன்னாடி வெச்ச சோறு மட்டும் எங்க மார்க்கத்துல கூடாது சார். வெக்கிறதுக்கு முன்னால ஒரு கரண்டி எடுத்துத் தனியா வெச்சீங்கன்னா போதும். வேற ஒண்ணும் கேக்கல."

"பூ, இவ்வளவுதானா?" என்றார் உலகநாதன். "வேம்புலி, முதல்லேயே இந்தப் பெண்ணுக்கு ஒரு கரண்டி எடுத்து வெச்சிடு. தீர்ந்தது."

உலகநாதனுக்கு எல்லாமே சீக்கிரம் தீர்ந்துவிடும். மனுஷர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர்.

"என்னால முடியாது சார்" என்றாள் வேம்புலி. "ஆத்தாவுக்கு முன்னால ஒருத்தருக்கும் குடுக்கமாட்டேன். வேணுன்னா வேற ஆளைப் பாத்துக்கோங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் சுலைமான் கும்பிட்டுவிட்டான். "வேணாம்மா. உன் சாமி உனக்குப் பெரிசு, எங்களுது எங்களுக்கு. கேட்டது தப்புன்னா மனசுல வெச்சுக்காதே." பெண்ணை அழைத்துக்கொண்டு நடந்தான். கைருன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வேம்புலியைப் பார்க்கவில்லை. குண்டானைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை வேம்புலிக்குப் புதிது அல்ல. ஆடி ஞாயிற்றுக்கிழமை இரண்டு பையன்கள் கூழ்ப் பானையை அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஞாயிறு முழுக்க அவளிடமிருந்து யாருக்கும் நல்ல பதில் கிடைக்கவில்லை. வனஜா இரண்டு தடவை திட்டு வாங்கினாள்.

திங்கட்கிழமை சோறு வெந்ததும் வேம்புலி கொட்டகையின் தட்டியை இழுத்துச் சாத்தினாள். வனஜா வாங்கிவந்து கொடுத்த கைருனின் தட்டு நசுங்கிய அலுமினியத் தட்டு. அதில் முதல் கரண்டியை வைக்கும்போது சாம்பார் விரலில் பட்டுச் சுட்டது. "கோவிச்சுக்காதே தாயே. பசிக்கிற கொழந்தை. உனுக்கு ஒரு கரண்டி கூடவே வெக்கிறேன்" என்று கல்லைப் பார்த்துச் சொன்னாள். தட்டை மூடி ஜன்னல் கட்டையில் வைத்தாள். அதற்கப்புறம்தான் படையல், கர்ப்பூரம், மணி.

எல்லாம் முடிந்து, அறுபது பிள்ளைகளுக்கும் போட்டு, கடைசியில் தட்டைத் திறந்தபோது சோறு ஜில்லிட்டு மேலே ஆடை கட்டியிருந்தது.

"ஆறிப்போச்சேடி" என்றாள்.

"ஆறினாத்தான் ஆயா நல்லா கீது. முன்னாலயே எடுத்து வெச்சதுன்னு தெரியுதில்ல?" என்று சிரித்தாள் கைருன். ஒரு பருக்கை விடவில்லை.

ஐப்பசி போயிற்று, தை போயிற்று. தினமும் பயந்துகொண்டேதான் எடுத்து வைத்தாள், ஆனால் எடுத்து வைத்தாள். கைருனும் வனஜாவும் ஒட்டிக்கொண்டார்கள். வனஜாவுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வந்ததே கைருனால்தான். "இந்தப் பெண்ணை அம்பத்தூர் ஹைஸ்கூல் வரைக்கும் படிக்க வையுங்க" என்று உலகநாதன் சொல்ல, சுலைமான் குதிரையிடம்கூடச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான். வேம்புலி சில நாள் இரண்டு தலையையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேன் பார்ப்பாள். அந்த ஏழெட்டு மாசம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். சந்தோஷமாக இருக்கிறோம் என்று தெரியும்போதெல்லாம் கல்லின் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

மாசிக் கடைசியில் வனஜாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் நெற்றியில் அம்மை முத்துப் போட்டது.

வாசலில் வேப்பிலை செருகிவிட்டு வேம்புலி மகளின் பக்கத்திலேயே கிடந்தாள். பள்ளிக்கூடத்துச் சமையலைப் பக்கத்துவீட்டுத் தாயம்மாள் பார்த்துக்கொண்டாள். அவள் படையல் கிடையல் எதுவும் வைப்பதில்லை, இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். வேம்புலிக்கு நர்சம்மா ஞாபகம் வரவில்லை. ஒரே ஒரு ஞாபகம்தான். முன்னால் கொடுத்தேன், ஆத்தா வந்துவிட்டாள். "என் ரெண்டையும் எடுத்துகினியே, இதையாவது உட்டுடு. இனிமே உனுக்கு அப்புறம்தான் யாருக்கும். சத்தியம்" என்று தரையில் தலையை முட்டிக்கொண்டாள். அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றியபோது வனஜா எலும்பும் தோலுமாக எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்?

பங்குனியில் வேலைக்குத் திரும்பினாள். குண்டானை இறக்கினாள். முதல் கரண்டி ஆத்தாவுக்குப் போயிற்று. படைத்ததைக் கொட்டிக் கிளறினாள். நசுங்கிய தட்டு ஒரு மூலையில் கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கைருனைக் கூப்பிட்டு, என்னால் முடியவில்லையடி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண் மறுபடியும் மரத்தடியில் உட்கார்ந்து குண்டானைப் பார்க்கும். அதை இவளால் பார்க்க முடியாது. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்ட பிறகு, கிளறிய குண்டானிலிருந்தே ஒரு கரண்டி அள்ளித் தட்டில் வைத்து, மூடி, ஜன்னலில் வைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள்.

"எனக்கு எடுத்து வெச்சியா ஆயா?"

"வெச்சேண்டி. போய்த் துன்னு."

கைருன் மூடியைத் திறந்தாள். ஆவி வந்தது. தட்டைப் பார்த்தாள், ஆயாவின் முகத்தைப் பார்த்தாள். மூடியை வைத்து எடுத்துக்கொண்டு, வனஜாவோடு மரத்துக்கு அந்தப் பக்கம் போனாள். தட்டு சுத்தமாகக் கழுவி வந்தது. வேம்புலிக்கு அப்பாடா என்றிருந்தது.

அதற்கப்புறம் தினமும் அப்படியே. வனஜா தேறினாள். கன்னம் உப்பிற்று, கை கால் திரண்டது. "ஆத்தா குட்த்த ஒடம்பு" என்று வேம்புலி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆத்தாவுக்கு முதல் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தோம், அவள் பெண்ணைத் திருப்பிக் கொடுத்தாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கைருன் மெலிவதும் கண்ணில் படாமல் இல்லை. வெயில் காலம், வளர்கிற பிள்ளை, உயரம் போடுகிறது என்று நினைத்தாள். நினைக்கவேண்டும் என்றே நினைத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் சோறு போடவும் பழகிக்கொண்டாள். கைருன் வகுப்பில் தூங்குகிறாள் என்று உலகநாதன் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தினார். வருஷப் பரீட்சையில் கணக்கில் அவள் தேறவில்லை. "நல்லாப் படிச்ச பொண்ணு, சோம்பேறியாப் போச்சு" என்று சுலைமானைக் கூப்பிட்டுச் சொன்னார். அத்தோடு கோடை விடுமுறை வந்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. கைருன் வரவில்லை. முதல் நாள் சாப்பாடு முடிந்ததும் வனஜா காலித் தட்டோடு கொட்டகைக்குள் வந்தாள்.

"இன்னும் ஒரு கரண்டி போடும்மா. பத்தல."

"இன்னாடி, போன வருஷமெல்லாம் ஒரு தட்டு பத்திச்சு?"

"போன வருஷம் ரெண்டு தட்டு துன்னேன்" என்றாள் வனஜா. சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேம்புலி கரண்டியைக் கீழே வைத்தாள். "யாருது?"

வனஜா அழ ஆரம்பித்தாள். "கைருன் சத்தியம் வாங்கிகினாம்மா. சொல்லக் கூடாதுன்னா. எனக்கு அம்மை போயி நீ வந்த நாள்லேர்ந்து அவ துன்னவே இல்ல. சோறு சுடுது, ஆயா படைச்சதுக்கு அப்புறம் எடுத்துக்கீறாங்கன்னா. எங்க நைனாவுக்குத் தெரிஞ்சா பள்ளிக்கூடத்தை உட்டு நிறுத்திடும், ஆயாவையும் சார் ஏசுவாருன்னா. நீதான் எளைச்சுப் போயிருக்கே, நீ துன்னுன்னு எனக்குக் குட்த்துட்டா."

"தினமுமா?"

"தினமும்மா."

வேம்புலி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வனஜாவின் கன்னத்தைப் பார்த்தாள். அந்தக் கன்னத்துக்காக அவள் ஆத்தாவுக்குச் சொன்ன நன்றியெல்லாம் ஞாபகம் வந்தது. கொடுத்தவள் யார், கும்பிட்டது யாரை?

மறுநாள் சோறு வெந்தது. தட்டியைச் சாத்தவில்லை. நசுங்கிய தட்டு விடுமுறையிலும் கொட்டகையிலேயே கிடந்தது. அதைக் கழுவி முதல் கரண்டியை அதில் வைத்தாள். கல்லிடம் எதுவும் கேட்கவில்லை. படையலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டு முடித்துவிட்டு, தட்டைத் துணியில் கட்டிக்கொண்டு அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வெயிலில் நடந்தாள்.

சுலைமான் நிழலில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா! நானே வரணும்னு இருந்தேன். கைருனைப் போன வாரம் வாணியம்பாடிக்கு அனுப்பிட்டேன், அவ பெரியம்மா ஊட்டுக்கு. படிப்பும் ஏறல, இங்க சும்மா இன்னாத்துக்கு? அங்க பீடி சுத்தக் கத்துக்கறா, கொழந்தைங்களையும் பாத்துக்கறா."

வேம்புலி துணியில் கட்டிய தட்டைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"உன்னை நான் மறக்கமாட்டேம்மா. உன் சாமியை ஒதுக்கி வெச்சுட்டு எம்பொண்ணுக்கு மொதல்ல எடுத்து வெச்சியே, இந்தக் காலத்துல யாரு செய்வா? ஒவ்வொரு தொழுகையிலும் உன் பொண்ணுக்காக துவா கேக்கறேன். கைருனும் ரயில் ஏறும்போது உன் பேரைத்தான் சொல்லிச்சு. ஆயா மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லிடு நைனான்னா. இன்னா கோவம்டின்னு கேட்டேன், வாயே தொறக்கல."

"கோவிச்சுக்கணும்" என்றாள் வேம்புலி. "அவ கோவிச்சுகினு இருக்கணும் அண்ணாத்தே."

எல்லாவற்றையும் சொன்னாள். பையன்கள் இரண்டு பேரையும், வனஜாவின் அம்மையையும், சத்தியத்தையும், பொய்யையும், வனஜா தின்ற இரண்டு தட்டையும். ஒன்றையும் மறைக்கவில்லை. வாளியில் தண்ணீர் தீர்ந்து குதிரை அடியை நக்கிக்கொண்டிருந்தது. அதைக்கூடச் சுலைமான் கவனிக்கவில்லை.

அவள் முடித்த பிறகு ஜட்காவின் படியில் உட்கார்ந்தான்.

"ஊட்ல ராத்திரி கஞ்சி ஊத்துனா பாதிலயே எழுந்துடும்மா. பள்ளிக்கூடத்துல வயிறு முட்டத் துன்னேன், போதும் நைனா, தம்பிங்களுக்குக் குடுன்னு சொல்லும். அவங்க அம்மாவும் நானும் எவ்ளோ சந்தோசப்பட்டோம் தெரியுமா? ஒரு புள்ளைக்காவது வயிறு ரொம்புதேன்னு." அவன் தன் கையைப் பார்த்தான். "தூங்குறாளேன்னு அடிச்சேம்மா. சோம்பேறின்னு சார் சொன்னாருன்னு நான் அடிச்சேன்."

"என்னை அடி அண்ணாத்தே. என்னை ஏசு."

அவன் தலையை ஆட்டினான். "நான் வந்து கேட்டிருக்கவே கூடாது. கேக்காம இருந்தா நீ பொய் சொல்லியிருக்கமாட்டே. நானும் வயிறு ரொம்பிச்சுன்னு நம்பியிருக்கமாட்டேன்."

அவள் துணியை அவிழ்த்துத் தட்டை நீட்டினாள். "இது முன்னாலயே எடுத்தது. ஆத்தா மேல ஆணையா, மொதல் கரண்டி."

நசுங்கிய தட்டை அவன் அடையாளம் கண்டுகொண்டான். மூடியை நீக்கி ஒரு விரலால் சோற்றைத் தொட்டான். நன்றாக ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. திரும்ப மூடி, பதனமாக அவள் கையிலேயே வைத்தான்.

"எடுத்துகினு போம்மா. பசிக்கிற புள்ள யாருனா இருந்தா குடு."

"கைருனைக் கூட்டியாந்துடு. நான் போடறேன். தினமும்."

"வாக்குக் குட்த்துட்டேம்மா. அங்க அவளை நம்பி இருக்காங்க" என்றான். அரக்கோணம் வண்டி வந்து நின்றது. இறங்கிய ஒருவர் திருமுல்லைவாயிலுக்கு வருமா என்று கேட்டார். சுலைமான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பூட்டப் போனான்.

வேம்புலி திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. வனஜா கொட்டகை வாசலில் காத்திருந்தாள். அவளுக்குப் பசி என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தட்டை அவளிடம் நீட்டினாள்.

வனஜா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அது கைருனுது. எனக்கு வேணாம்."

எத்தனை சொல்லியும் தொடவில்லை. வேம்புலி தட்டை ஜன்னல் கட்டையில், அதன் பழைய இடத்தில் வைத்தாள். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய்க் கல்லுக்கு எதிரே உட்கார்ந்தாள். மத்தியானம் வைத்த படையலை அன்று குண்டானில் கொட்டிக் கிளற மறந்திருந்தாள். பூவரச இலையில் வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. ஒரு பருக்கைகூடக் குறையவில்லை. எறும்பு மட்டும் ஓரத்தில் ஊர்ந்தது.

பதினோரு வருஷமாக அவள் கல்லிடம் கேட்டதெல்லாம் மன்னிப்புதான். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

"உனுக்குப் பசிக்கவே இல்லியே, ஆத்தா" என்றாள்.